மேக்கால வரிசையும் அந்தமான் கடலும்

அந்தமானுக்குத் தேங்காய் கொண்டுபோன மனிதர் இந்த உலகத்தில் என் வீட்டுக்காரர் ஒருவராகத்தான் இருப்பார். கோயமுத்தூர் விமான நிலையத்தில் எங்கள் பெட்டியை எக்ஸ்ரே மெஷினுக்குள் விட்ட பெண் திரையைப் பார்த்தாள், பிறகு எங்களைப் பார்த்தாள். "உள்ள உருண்டை உருண்டையா என்ன சார்?" என்றாள்.

"தேங்காய்ங்க அம்மணி. நம்ம தோட்டத்துதுங்க" என்றார் இவர், ஏதோ அவள் வாங்க வந்தவள் மாதிரி.

கொப்பரையை விமானத்தில் ஏற்றக்கூடாதாம். எண்ணெய்ச் சத்து, தீப்பிடித்துவிடுமாம். பச்சைத் தேங்காய்க்கும் கொப்பரைக்கும் என்ன வித்தியாசம் என்று இவர் அந்த வரிசையில் நின்றே பாடம் எடுக்க ஆரம்பித்தார். பின்னால் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். பெட்டியைத் திறந்து ஒரு காயை எடுத்து அந்தப் பெண்ணின் காதருகே ஆட்டிக் காட்டி, உள்ளே தண்ணீர் சலசலப்பதை அவள் கேட்ட பிறகுதான் விட்டார்கள். எனக்கு மானம் போயிற்று.

"அங்க இல்லாத தேங்காய்ங்களா? தீவு பூராத் தென்னமரமுன்னு டிவில காட்டுறான்" என்றேன்.

"ஒறம்பரை ஊட்டுக்கு வெறுங்கையோடயா போறது?"

"அங்க நமக்கு ஆருங்க ஒறம்பரை?"

"தங்கறதுக்கு எடம் குடுக்கறானல்லோ, அவன் ஆரு?"

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். சம்பந்தி வீடோ டாக்டர் வீடோ, யார் வீட்டுப் படி ஏறினாலும் ஒரு பை தேங்காய் கையில் இருக்க வேண்டும். வாடகை வாங்கிக்கொண்டு ரூம் விடுகிறவனும் இவர் கணக்கில் உறவுக்காரன்தான். இந்த மனிதரோடு வாதாடுவதைவிட விமானத்தில் ஏறிக் கண்ணை மூடிக்கொள்வது மேல் என்று ஏறிவிட்டேன்.

உண்மையைச் சொன்னால் அவரைக் கிளப்பிக்கொண்டு வந்ததே எனக்குப் பெரிய சாதனை. எங்கள் தோட்டம் தொண்டாமுத்தூரைத் தாண்டி, மலையடிவாரத்தில் இருக்கிறது. யானை வரும் ஊர். அதைச் சாக்காக வைத்தே இவர் எங்கேயும் தங்கமாட்டார். காரமடைத் தேருக்குப் போனாலும் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். கல்யாண வீட்டில் இலையில் பாயசம் விழும்போதே கண் வண்டிச் சாவியைத் தேடும். அப்படிப்பட்டவரை ஒரு வாரம் கடலுக்கு நடுவில் கொண்டுபோய் உட்கார வைக்க நான் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணம் இவருக்குத் தெரியக்கூடாது.

தோட்டத்தில் மேற்குப் பக்கம், வாய்க்காலை ஒட்டி நிற்கிற மரங்களை மேக்கால வரிசை என்போம். நான் கல்யாணமாகி வந்த வருஷம் நட்ட மரங்கள். அந்தக் கோடையில் கிணறு அடிமட்டத்துக்குப் போய்விட, நானும் இவரும் குடத்தில் சுமந்து ஊற்றிப் பிழைக்க வைத்தவை. என் இடுப்பில் குடம் வைத்த தழும்பு அப்போது விழுந்ததுதான். அந்த வரிசையில் வேர் வாடல் நோய் வந்துவிட்டது. மட்டைகள் துவண்டு தொங்கின, ஓலை மஞ்சளாயிற்று, குரும்பைகள் கொட்டின. இவர் வேப்பம் புண்ணாக்கு வைத்தார், வேரில் டானிக் கட்டினார், யார் எதைச் சொன்னாலும் செய்தார். விவசாய ஆபீசிலிருந்து வந்து பார்த்தவர், நோய் முற்றிய மரங்களை வேரோடு எடுத்தால்தான் மிச்சத் தோப்பு தப்பிக்கும் என்று சொல்லிவிட்டார். "இன்னொரு மழை பாத்துப்போடலாமுங்க" என்றார் இவர். மழை வந்தது, போனது. அடுத்த மழைக்கும் அதையே சொன்னார்.

எங்களுக்கு ஒரே மகன். பீளமேட்டில் கம்ப்யூட்டர் வேலை, சனி ஞாயிறு தோட்டத்து வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தாளித்துக்கொண்டிருந்தபோது சமையலறைக்குள் வந்து குரலைத் தாழ்த்தினான். "அம்மா, இனித் தள்ளிப்போட முடியாதுங்க. மத்த மரத்துக்கும் பரவுது. ஆனா அப்பாவால அத நின்னு பாக்க முடியாதுங்க. நீங்க எங்கயாச்சும் கூட்டிட்டுப் போயிருங்க. நான் முடிச்சு வெக்கிறனுங்க."

அவன் சொன்னது நியாயம். அந்த மரங்கள் விழுவதை இவர் பார்த்தால் படுத்துவிடுவார் என்று எனக்கும் பயம்தான். டிக்கெட், ரூம் எல்லாவற்றையும் அவனே போட்டான். இவரிடம் பேச்செடுப்பது என் பொறுப்பு. ஒரு நாள் பூராவும் மனதுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டு, "ஏனுங்க, அந்தமானுக்குப் போலாங்களா?" என்றேன். நான் அழுவதா, சண்டை போடுவதா, கோபித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போவதா என்று அடுத்தடுத்து யோசித்து வைத்திருந்தேன். இவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "போலாம்" என்றார். நம் சாமர்த்தியமே சாமர்த்தியம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

சென்னையில் விமானம் மாறி, போர்ட் பிளேரில் இறங்கி, மறுநாள் கப்பலில் ஹேவ்லாக் தீவுக்குப் போனோம். கப்பல் ஆடியதில் எனக்குக் குடல் வாய்க்கு வந்தது. இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலையே பார்த்து நின்றார். "எத்தன தண்ணி புள்ள! ஒரு சொட்டு வெள்ளாமைக்கு ஆகாது" என்று அங்கலாய்த்தார். பக்கத்தில் நின்ற புதுமணத் தம்பதி கைகோர்த்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் ஆள் கடலின் உப்பைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

தீவில் எங்களை ஏற்றிக்கொண்ட ஆட்டோ டிரைவர், நல்லவேளையாகத் தமிழ்க்காரர். அவருடைய தாத்தா காலத்தில் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பமாம். நாங்கள் தங்கிய இடத்தின் முதலாளி ஒரு பெங்காலிக்காரர். இவர் பையை நீட்டினார். முதலாளி பைக்குள் எட்டிப் பார்த்தார், பிறகு திரும்பித் தம் முற்றத்தைப் பார்த்தார். அங்கே தென்னை மரங்கள் வரிசையாக நின்றன. விழுந்த காய்கள் மூலையில் குவிந்து கிடந்தன. எனக்குத் தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம்போல இருந்தது. ஆனால் அந்த மனிதர் என்ன புரிந்துகொண்டாரோ, இரண்டு கையாலும் பையை வாங்கி, ஒரு காயை எடுத்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். மறுநாள் அவர் மனைவி தேங்காய்த் துருவலையும் வெல்லத்தையும் கிளறி உருண்டை பிடித்து ஒரு தட்டில் கொண்டுவந்து தந்தாள். இவர் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, தேர்தலில் ஜெயித்தவன் தோற்றான்.

கடற்கரையைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். நான் அதுவரை பார்த்த கடல் திருச்செந்தூரும் ராமேஸ்வரமும்தான். கூட்டமும் ஈரத்துணியுமாக இருக்கும். இங்கே காடு கடல்வரைக்கும் இறங்கி வந்திருந்தது. அடி பெருத்த மரங்கள், எங்கள் மலையில்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை, அவற்றின் நிழல் விழுகிற இடத்தில் மணல் ஆரம்பிக்கிறது. மணல், சலித்த கோதுமை மாவு மாதிரி காலடியில் குளுகுளுவென்று இருந்தது. தண்ணீர் கரையில் கண்ணாடி, கொஞ்சம் தள்ளிப் பச்சை, அதற்கும் அப்பால் நீலம். சங்குக்குள் குடியிருக்கும் குட்டி நண்டுகள் வீட்டைத் தூக்கிக்கொண்டு ஓடின. அவற்றின் கால்தடம் மணலில் தையல் போட்டதுபோல இருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வயசுக்கு மேல் இதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்கிறதே என்று மனசு பொங்கியது.

"ஏனுங்க, பாருங்க, எத்தன அழகு!" என்று திரும்பினேன். இவரைக் காணோம்.

தூரத்தில் குனிந்து குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார். கரையோரத் தென்னைகளிலிருந்து விழுந்த காய்களை யாரும் சீந்தாமல் கிடப்பது இவருக்குப் பொறுக்கவில்லை. சேர்த்துச் சேர்த்து ஒரு குவியல் போட்டுவிட்டார். நான் போய்ச் சேர்வதற்குள் வடக்கத்திக் குடும்பம் ஒன்று கடை என்று நினைத்து விலை கேட்டுக்கொண்டிருந்தது. இவருக்கு இந்தி தெரியாது. ஒரு கூரான கட்டையை மணலில் ஊன்றி, காயைக் குத்தி உரித்து, கல்லில் தட்டி உடைத்து, குழந்தைகள் கையில் கொடுத்தார். அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் வந்தார்கள். கடைசியில் கடற்கரைக் காவல்காரர் விசிலோடு வந்து, இங்கே கடை போட அனுமதியில்லை என்று சத்தம் போட்டார். எங்களைக் கூட்டிவந்த ஆட்டோ டிரைவர் ஓடிவந்து, இது கடையில்லை, இவர் தென்னந்தோப்புக்காரர், காய் கிடந்தால் கை சும்மா இருக்காது என்று விளக்கினார். காவல்காரருக்கும் ஒரு மூடி கிடைத்தது.

"கடலப் பாக்க வந்தீங்களா, காய் பொறுக்க வந்தீங்களா?" என்று கேட்டேன்.

"மரத்தப் பாரு புள்ள. எல்லாம் பச்சப் பசேல்னு நிக்குது. ஒண்ணுலயாச்சும் மட்ட தொங்குதா பாரு" என்றார், அண்ணாந்தபடி. நான் சட்டென்று பேச்சை மாற்றினேன்.

அதற்குப் பிறகு, சும்மா சொல்லக்கூடாது, அவர் கடலுக்குள்ளும் இறங்கினார். கிணற்றில் குதித்து வளர்ந்த உடம்பு. மல்லாக்கப் படுத்துக்கொண்டு, "படுத்தாலே தூக்குது புள்ள! நீயும் வா" என்று கூப்பிட்டார். எனக்குத் தண்ணீர் என்றால் முழங்கால்வரைதான். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் நிற்க, அலை வரும்போதெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஊரில் நாலு பேர் பார்க்க என் கையைத் தொட்டிருப்பாரா? அங்கே விடவேயில்லை. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, இன்னும் கொஞ்ச நேரம் அலை வரட்டும் என்றும் இருந்தது.

ஆனால் உள்ளுக்குள் எனக்கு முள் குத்திக்கொண்டேதான் இருந்தது. நாங்கள் கிளம்பின பிறகு மகன் ஆளைப் பார்த்து, மரம் பெயர்க்கிற மெஷினுக்குச் சொல்லி, நாளும் குறித்துவிட்டான். அதை அவன் எனக்குச் சொல்ல வேண்டுமானால் சிக்னல் வேண்டும். ரூமில் சிக்னல் கிடையாது. கப்பல் துறைக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை, அங்கே போனால்தான் மணி அடிக்கும். நான் சோப்பு வாங்க, சீப்பு வாங்க என்று எதையாவது சொல்லிவிட்டுப் போய்வருவேன். "ஆருகூடப் பேசுன?" என்று இவர் கேட்டால், "பால்காரங்க" என்பேன். பொய் சொல்ல எனக்கு வராது. முகம் காட்டிக்கொடுத்துவிடும். இவர் துருவவில்லை என்பதே ஆச்சரியமாக இருந்தது. இவரும் ஒரு நாள் அந்தப் பக்கமிருந்து போனைப் பிடித்துக்கொண்டு வந்தார். என்ன என்று கேட்டதற்கு, கப்பலைப் போட்டோ எடுத்தேன் என்றார். வயசான காலத்தில் போட்டோ ஆசை வந்துவிட்டது என்று சிரித்துக்கொண்டேன்.

மரம் எடுப்பதற்கு முந்தின நாள் கண்ணாடி அடி வைத்த படகில் போனோம். காலுக்குக் கீழே வேறொரு ஊர். மூளை மாதிரி சுருண்ட பவளம், மான்கொம்பு மாதிரி கிளைத்த பவளம், நடுவில் மஞ்சளும் ஊதாவுமாக மீன்கள் கூட்டம் கூட்டமாக. நான் சின்னப்பிள்ளை மாதிரி குனிந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்ச தூரம் போனதும் கீழே எல்லாம் வெளுத்துக் கிடந்தது. மீனும் இல்லை. படகுக்காரர் இந்தியில் ஏதோ சொன்னார். தண்ணீர் சூடானதில் இந்தப் பக்கம் செத்துப்போய்விட்டது என்று கூட வந்திருந்த ஆட்டோ டிரைவர் தமிழில் சொன்னார்.

"இதுக்கு மருந்து எதுவும் இல்லீங்களா?" என்று கேட்டார் இவர்.

"கடலுக்கு எப்படி சார் மருந்து அடிக்கிறது?"

வெளுத்த பாகம் முடிந்து மறுபடியும் நிறம் வந்த பிறகும் இவர் பின்னால் திரும்பி அதையே பார்த்தார். எனக்கு அவரைப் பார்க்கச் சகிக்கவில்லை. நாளைக்கு ஊரில் என்ன நடக்கப் போகிறது என்று தெரிந்துகொண்டு, ஒன்றும் தெரியாதவள்போலப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது பாவமாகப் பட்டது. சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். சொன்னால் அடுத்த கப்பலைப் பிடித்துவிடுவார் என்ற பயத்தில் சொல்லவில்லை.

அன்று பொழுது சாயும்போது டீக்கடைக்குப் போய் மகனைக் கூப்பிட்டேன். எங்கள் பக்கத்தில் காய்த்த மரத்தில் சும்மா கத்தி வைக்கமாட்டார்கள். வெட்டுவதற்கு முன்னால் அடியில் தண்ணீர் ஊற்றி, மரத்திடம் சொல்லிவிட்டுத்தான் வெட்டுவது. இந்தக் காலத்துப் பிள்ளைக்கு அது எங்கே தெரியப்போகிறது? "ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு சொம்பு கெணத்துத் தண்ணி ஊத்து கண்ணு. ஊத்திப்போட்டு, மன்னிச்சுக்கோன்னு ஒரு வார்த்த சொல்லு. மெஷின்காரன் அவசரப்படுத்துவான், உட்றாத" என்றேன். "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்றான். அவன் குரல் என்னவோபோல இருந்தது. சிக்னல் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் இவர் காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். நல்லதாகப் போயிற்று என்று நானும் பின்னாலேயே டீக்கடைக்குக் கிளம்பினேன். மகன் எண்ணை அழுத்தினேன். வேறொரு அழைப்பில் இருப்பதாகச் சொன்னது. மறுபடி அழுத்தினேன். அதே பதில். அப்போதுதான் கடைக்குப் பின்பக்கமிருந்து பழக்கப்பட்ட குரல் கேட்டது.

"மெஷின் வந்துருச்சா? ... செரி, ஆரம்பிக்கச் சொல்லு. ... உங்கம்மாளுக்கு ஒண்ணுந் தெரியாது. மீனுங் கீனுங் காட்டி வெச்சிருக்கறேன். ... இல்ல சாமி, இங்க இருக்கறதே நல்லது. அவ ஒவ்வொரு மரத்துக்கும் கொடத்துல ஊத்துனவ. தாங்கமாட்டா."

நான் அப்படியே நின்றேன். கையும் களவுமாக யார் யாரைப் பிடித்தது என்றே புரியவில்லை. இவர் திரும்பியவர் என்னைப் பார்த்ததும் போனை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"ஆருங்க போன்ல?" என்றேன்.

"பால்காரன்" என்றார்.

போனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டேன். "ஏங் கண்ணு, எங்க ரெண்டு பேர்த்தயுமா ஏமாத்துன?"

"பொய் சொல்லலீங்கம்மா" என்றான். "அப்பாவால பாக்க முடியாதுன்னு உங்ககிட்டச் சொன்னனுங்க. உங்களால பாக்க முடியாதுன்னு அப்பாகிட்டச் சொன்னனுங்க. ரெண்டும் நெசந்தானுங்களே?"

நான் அவனை வைது தீர்க்க வாயெடுத்தேன். என் சாமர்த்தியம் மண்ணைக் கவ்வியதில் எனக்கு அத்தனை ஆத்திரம். அதற்குள் போனில் மெஷின் உறுமியது. ஓலை சரசரக்கும் சத்தம் கேட்டது, பிறகு தொம்மென்று ஒன்று விழுந்தது. நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். நான் அழமாட்டேன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். மானம் பார்க்காமல், டீக்கடையில் நாலு பேர் பார்க்க, வாய்விட்டு அழுதேன். இவர் என் பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகில் கையை வைத்தார்.

"தண்ணி ஊத்துனயா கண்ணு?" என்று கேட்டார் இவர்.

"ஊத்துனனுங்கப்பா. நேத்து நீங்க சொன்னீங்கன்னு எல்லா மரத்துக்கும் ஒருக்கா ஊத்துனனுங்க. அப்பறம் அம்மா சொன்னாங்கன்னு மறுக்கா ஊத்துனனுங்க." அவன் நிறுத்தினான். மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "காலைல வெள்ளென எந்திரிச்சு, எனக்குன்னு ஒருக்கா ஊத்துனனுங்க."

நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அந்த மரங்களுக்கு நடுவில் கட்டிய தூளியில்தான் அவன் வளர்ந்தான். அதன் நிழலில்தான் நடை பழகினான், சைக்கிள் பழகினான். இவரால் தாங்க முடியாது என்று நான் பயந்தேன். என்னால் தாங்க முடியாது என்று இவர் பயந்தார். அவனை நினைக்க எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

"கண்ணு" என்றார் இவர். பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். போனை நான் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன்.

"நீ அங்க நிக்காத சாமி. மெஷின்காரங்க பாத்துக்குவாங்க. நீ ஊட்டுக்குள்ள போ."

"போறனுங்கம்மா" என்றான்.

அவன் நடந்துபோகும் சத்தம் கேட்கும் என்று போனை வைக்காமல் காத்திருந்தோம். மெஷின் சத்தம் கொஞ்சமும் குறையவில்லை.